கீரை இலை பிசுபிசுக்கிறதா? மருந்தைக் கலக்கும் முன் மேலே பாருங்கள்

மணத்தக்காளிக் கீரை பறிக்கப் போனால் இலை விரலில் ஒட்டுகிறது, வெயிலில் பார்த்தால் வார்னிஷ் அடித்த மாதிரி மினுமினுக்கிறது, தொட்டி விளிம்பில் எறும்பு வரிசை. மாடித்தோட்டம் போட்ட முதல் வருடத்திலேயே பலருக்கும் இது வந்துவிடும். நானும் அப்போது வேப்பெண்ணெயைக் கலந்து ஒட்டுகிற இலைகளுக்கெல்லாம் அடித்தேன், ஒரே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டது. ஒட்டுகிற இலையில்தான் கோளாறு என்று நினைத்ததுதான் தப்பு. பெரும்பாலும் அந்த இலையில் ஒன்றுமே இருக்காது, மேலே இருந்து சொட்டியதுதான் அதன்மேல் படிந்திருக்கும்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளின் வேலை இது. செடியின் சாற்றில் சர்க்கரை ஏராளம், புரதத்துக்கான சத்து கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்காகப் பூச்சி ஓயாமல் குடித்து, மிஞ்சிய சர்க்கரையைத் துளித்துளியாக வெளியே தள்ளுகிறது. எறும்பு வருவது அந்த இனிப்புக்கு. சில நாளில் அதன்மேல் கரும்பூஞ்சணமும் படரும்.

முதலில் பூச்சியைக் கண்டுபிடியுங்கள்

பிசுபிசுப்பான இலைக்கு நேர் மேலே உள்ள இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், அப்புறம் கொழுந்தைப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ கடுகைவிடச் சின்னதாகக் கூட்டம் கூட்டமாக ஒட்டியிருந்தால் அசுவினி. கணுக்களில் வெள்ளைப் பஞ்சு வைத்த மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, புளிச்சக்கீரையில் இது அதிகம். செடியை ஆட்டியதும் பொடிப்பொடியாக வெள்ளையாகப் பறந்தால் வெள்ளை ஈ.

செடி முழுக்கத் தேடியும் ஒன்றும் இல்லையா? தலைக்கு மேலே தென்னை ஓலை இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ ஓலையின் அடியில் உட்கார்ந்து சொட்டுவது கீழே இருக்கும் எல்லாச் செடியிலும் விழும், அப்படியானால் கீரைக்கு மருந்து அடித்துப் பயனே இல்லை, தொட்டியை நகர்த்தி இலையைக் கழுவினால் போதும். மீன் கழிவில் வெல்லம் சேர்த்து ஊறவைத்த உரமான மீன் அமிலத்தைக் கெட்டியாகத் தெளித்திருந்தாலும் இலை ஒட்டும். தானாக முளைத்த நாய்வேளை என்றால் அதன் இலைக்கு இயல்பே அதுதான்.

அடுத்தது தண்ணீர்

சிறுகீரை, முளைக்கீரை மாதிரி விதைத்து 25 நாள் தாண்டியதென்றால் வைத்தியம் வேண்டாம், பறித்து நன்றாகக் கழுவிச் சமைத்துவிட்டு மறுபடி விதையுங்கள். மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி மாதிரி நின்று காய்க்கிற, துளிர்க்கிற செடிகளுக்குத்தான் பாடுபட வேண்டும். மோசமான நுனிகளைக் கிள்ளிப் பையில் கட்டிப் போட்டுவிட்டு, ஹோஸ் முனையை விரலால் அழுத்திப் பிடித்து இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், இன்னொரு கையால் தண்டைத் தாங்கிக்கொள்ளுங்கள். காலையில் செய்தால் இலை சீக்கிரம் காயும். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று தடவை செய்தால் அசுவினி பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும், ஏனென்றால் கீழே விழுந்ததில் நிறையப் பூச்சி மறுபடி ஏறி வராது. மாவுப்பூச்சிக்கு இது போதாது, பழைய பல்துலக்கியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்து எடுக்க வேண்டும்.

அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய்

ஒரு லிட்டர் தண்ணீருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, இளங்கீரைக்கு 3 மில்லி போதும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், அதனால் காதி சோப்பைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்து அதில் எண்ணெயை விட்டுப் பால் மாதிரி ஆகும்வரை கலக்கி, பிறகு மீதித் தண்ணீரைச் சேருங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், கீரை இலை மெல்லியது, பொசுங்கிவிடும். முதலில் இரண்டு இலையில் மட்டும் அடித்து ஒருநாள் பொறுத்துப் பாருங்கள். வெயில் சாய்ந்த பிறகு, அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். சோப்பு மேலே பட்ட பூச்சியைத்தான் கொல்லும், முட்டைக்குள் இருப்பது தப்பிவிடும், ஆகவே வாரம் ஒருமுறையாக மூன்று தடவை அடித்தே ஆக வேண்டும். ஒரே தடவையில் நிறுத்துகிறவர்கள்தான் வேப்பெண்ணெய் பலிக்கவில்லை என்று சொல்கிறார்கள்.

தெளிப்பதற்கு முன் ஒரு விஷயத்தைத் தயவுசெய்து கவனியுங்கள். அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே கறுப்பும் ஆரஞ்சுமாக, குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊர்ந்தால் அதைக் கொல்லாதீர்கள், அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. அது இருக்கும் கிளையில் எதையும் அடிக்காமல் நாலைந்து நாள் விட்டுப் பாருங்கள். எறும்பு இந்த வண்டை விரட்டிப் பூச்சிகளைக் காக்கும் என்பதால் எறும்பின் வழியையும் அடைக்க வேண்டும்: தொட்டி வைத்த ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள், பக்கத்துச் செடியோடும் சுவரோடும் உரசும் கிளைகளை வெட்டுங்கள்.

உரத்தையும் கொஞ்சம் குறையுங்கள். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை அடிக்கடி ஊற்றினால் கொழுந்து தளதளவென்று வரும், அசுவினிக்கு அதுதான் பிடித்த இடம்.

தெளித்த கீரையை ஒரு வாரம் கழித்துப் பறித்து, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிச் சமைக்கலாம். பழைய இலையில் கறுப்பு கொஞ்ச நாள் இருக்கத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மருந்து கலக்காதீர்கள். புதிதாக விட்ட இலையை விரலால் தடவுங்கள், ஒட்டவில்லை என்றால் செடி தேறிவிட்டது.