எகிப்துக் காசா, மதராஸ் காசா? அரபு எழுத்துக் காசைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம், மேலப்பாளையம் பக்கத்துப் பழைய பெட்டிகளில் அரபு எழுத்துள்ள காசு ஒன்றிரண்டு கிடப்பது அதிசயமில்லை. கொழும்பு, பினாங்கு, ஹஜ்ஜுக்குப் போன ஜித்தா என்று ஆள் போன ஊர்க் காசெல்லாம் திரும்பி வந்திருக்கிறது. எடுத்துப் பார்த்ததும் 'அரபு நாட்டுக் காசு' என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. எழுத்து அரபு, அவ்வளவுதான். மொழி பார்சி, உருது, துருக்கி, மலாய் எதுவாகவும் இருக்கலாம்.

அதிகம் ஏமாற்றுவது நம் சொந்தக் காசுகளே. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை ராஜதானிக்காக இங்கிலாந்தில் அடித்த 1808ஆம் ஆண்டு 20 காசு செம்பு நாணயத்தில் ஒரு பக்கம் கம்பெனி முத்திரை, மறுபக்கம் பார்சி வாசகம். 'இருபது காசு நான்கு பலூஸ்' என்பதுதான் அதன் பொருள், பலூஸ் என்பதும் செப்புக் காசுதான். முத்திரைப் பக்கம் தேய்ந்துபோனால் அது 'மக்கத்துக் காசு' ஆகிவிடுகிறது! ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயிலும் 'யக் ரூபியா' என்று பார்சி எழுத்து உண்டு. 1335 முதல் 1378 வரை இருந்த மதுரை சுல்தான்களின் சிறு காசுகளில் இருப்பதும் அரபுதான். வெளிநாடு என்று சொல்லுமுன் இந்த மூன்றையும் கழித்துவிடுங்கள்.

மார்க்கம் படித்த ஆலிம்சாவிடம் கொடுத்தால் படித்துவிடுவார் என்று நம்பிப் போகிறவர்கள் உண்டு. ஓதுகிற கிதாபில் ஸபர், ஸேர், பேஷ் என்ற உயிர்க்குறிகள் எல்லாம் இருக்கும். காசில் அவை இருக்காது, எழுத்துக்குரிய புள்ளிகளே பல இடங்களில் விடுபட்டிருக்கும். முகலாயப் பாணிக் காசுகளில் வாசகம் பெரும்பாலும் கீழ்வரியில் தொடங்கி மேலே ஏறும். அவரிடம் முழு வாசகத்தையும் கேட்காதீர்கள். அடித்த ஊரின் பெயரை மட்டும் தேடச் சொல்லுங்கள். 'ளுரிப' என்ற சொல்லுக்கு 'அடிக்கப்பட்டது' என்று பொருள். அதை ஒட்டி ஊர் வரும். சுல்தானின் சுருள் கையெழுத்தான துக்ரா இருந்தாலே துருக்கிக் காசு என்பார்கள். அதே துக்ராவோடு எகிப்திலும் அடித்தார்கள். ஊர் 'குஸ்தந்தினிய்யா' என்றால் இஸ்தான்புல், 'மிஸ்ர்' என்றால் எகிப்து.

அடுத்தது எண். அரபு எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்ணை நம்மைப்போல இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். புள்ளி என்றால் சுழியம். வட்டம் என்றால் 5. நம் 7 போலத் தெரிவது அங்கே 6. கைப்பிடி இல்லாத கவட்டைபோல மேலே வாய் பிளந்திருப்பது 7, கூரைபோலக் கவிழ்ந்திருப்பது 8. காசைத் தலைகீழாகப் பிடித்தால் 7 எட்டாகும், 8 ஏழாகும், ஆண்டு மாறிப்போகும். எழுத்துவரியின் நிமிர்வை உறுதிசெய்த பிறகே எண்ணைத் தொடுங்கள். 786 என்று மட்டும் இருந்தால் அது ஆண்டே அல்ல, பிஸ்மில்லாவுக்கான எண். கையில் இருப்பது பெரும்பாலும் பரக்கத்துக்காக வைத்துக்கொள்ளும் வில்லை.

ஆண்டுக் கணக்கில்தான் பெரிய கோளாறு. நிலவை வைத்துக் கணக்கிடும் இஸ்லாமிய ஆண்டான ஹிஜ்ரி ஆண்டை 0.97ஆல் பெருக்கி 622ஐக் கூட்டினால் கிட்டத்தட்டக் கி.பி. வரும், 1293 என்றால் 1876. ஆனால் 1293 போட்ட எல்லாத் துருக்கிக் காசும் 1876இல் அடித்ததல்ல. அது துருக்கி சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது பட்டமேறிய ஆண்டு. துக்ராவின் கீழே இன்னொரு சின்ன எண் இருக்கும், அது ஆட்சியாண்டு. 33 என்றிருந்தால் 1293உடன் 33ஐக் கூட்டி ஒன்றைக் கழிக்க 1325, அதாவது 1907. ஆர்க்காட்டு ரூபாயில் வேறு கூத்து: முகலாய அரசர் இரண்டாம் ஆலம்கீர் பெயரும் 1172 என்ற ஹிஜ்ரி ஆண்டும் அப்படியே உறைந்து நிற்க, கம்பெனி 19ஆம் நூற்றாண்டிலும் அடித்துக்கொண்டிருந்தது. விளிம்பில் சீரான வரியும் கச்சிதமான வட்டமும் இருந்தால் இயந்திரத்தில் அடித்தது என்று பொருள். 1172ஐ வைத்து 1758ஆம் ஆண்டுக் காசு என்று விலை சொன்னால் நம்பாதீர்கள்.

மொராக்கோ காசில் ஹிஜ்ரி ஆண்டை நாம் எழுதும் எண்களிலேயே போட்டார்கள். அறுகோண நட்சத்திரமும் 1288ம் பார்த்துவிட்டு, குலசேகர பாண்டியன் காலத்துக் காசு என்று துள்ளவேண்டாம், அது 1871. ஈரானில் 1925 முதல் சூரிய ஆண்டு. அதற்கு 621ஐக் கூட்டினால் போதும். சிங்கமும் சூரியனும் உள்ள காசில் 1330 என்றிருந்து, அதற்கு முந்தைய மன்னர் அஹ்மத் ஷா பெயரும் இருந்தால் அது ஹிஜ்ரி, அதாவது 1912. ரியால் என்றிருந்தால் அது சூரிய ஆண்டு, அதாவது 1951.

காசுமாலைக்காகக் காது பற்றவைத்த தங்கக் காசில் சவரன் கணக்கைப் போடுகிறவர்கள் கவனிக்க வேண்டும். ஆங்கிலச் சவரன் 7.98 கிராம், துருக்கியின் 100 குருஷ் தங்கம் 7.2 கிராம். எடை குறைகிறது என்பதற்காகப் போலி என்று உருக்கிவிடாதீர்கள். காதும் ஈயமும் எடையைக் கூட்டிக் காட்டும். ஆண்டு எண்ணையும் மறைத்திருக்கலாம்.

புளி, எலுமிச்சை, விபூதி போட்டுத் தேய்ப்பதை இன்றோடு விடுங்கள். புளிப்பு செம்பின் மேல்தோலைத் தின்றுவிடும். விபூதி மேட்டு எழுத்தைச் சிராய்க்கும். தாமிரபரணி மணலில் எடுத்த காசுக்கு இது இரட்டைக் கேடு, ஏற்கெனவே அரித்த எழுத்து அத்தோடு போய்விடும். பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் (டிஸ்டில்டு வாட்டர், ஆசிட் அல்ல) இரண்டு நாள் ஊறப்போட்டு, தினமும் நீரை மாற்றி, மெத்தென்ற பிரஷ்ஷால் மண்ணை மட்டும் தட்டினால் போதும். படிக்க டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலில் எழும்பும்.

மண்ணுக்குள் புதையலாகக் கிடைத்தது என்றால் கதை வேறு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதைக் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். பாத்திரத்தோடு கிடைத்தால் காசைத் தனியே பிரித்து எடுக்காமல் அப்படியே கொடுங்கள். எந்தக் காசோடு எந்தக் காசு கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆண்டு தெரியாத காசுக்கும் காலம் கணிப்பார்கள்.