வயலில் இறங்கும் கொக்கை வைத்துக் காசு பார்ப்பது எப்படி?

கிழக்கிலங்கையில் பொத்துவில் பக்கம் கொஞ்சம் வயலும் ஓரத்தில் பற்றைக்காடும் வைத்திருப்பவரிடம் சுற்றுலா என்று வாயெடுத்தால் போதும், "கபானா (சுற்றுலாக் குடில்) கட்ட எவ்வளவு முடியும்?" என்றுதான் கேட்பார். கட்டவே வேண்டாம். பக்கத்து அறுகம்குடாவில் படுக்க இடம் தாராளமாக இருக்கிறது, விடிய எழும்பி மஞ்சள் மூக்கு நாரையைக் கிட்டத்தில் இருந்து பார்க்கத்தான் இடம் குறைவு. அந்த இடத்தை உங்கள் வயலிலேயே கொடுத்துக் காசு வாங்கலாம்.

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். எந்தப் பறவை, எந்த வாய்க்காலில், எத்தனை மணிக்கு என்று ஒரு வருசம் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் மேர்லின் என்ற செயலி இலவசம், சத்தத்தைக் கேட்டே சொல்லும். ஒரு வருசமா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், காரணம் இருக்கிறது. அலைச் சறுக்கலுக்கு வெள்ளைக்காரர் கூடுவது ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. ஆறுமணிக்குருவி போன்ற வலசைப் பறவைகள் இங்கே நிற்பதோ ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை. ஆள் இருக்கும்போது அந்தப் பறவை இல்லை, அந்தப் பறவை இருக்கும்போது ஆள் இல்லை! அதனால் மயில், கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, செம்பருந்து என்று வருசம் முழுக்க இங்கேயே கிடக்கிறவைதான் உங்கள் மூலதனம். அவை எங்கே மேயும் என்பதைக் கொப்பிதான் சொல்லும்.

அடுத்தது காணிப் பத்திரம். உங்கள் பெயரில் உறுதி உள்ள சொந்தக் காணியென்றால் தலையிடி குறைவு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசிடம் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணியென்றால் நிபந்தனைகளை வாசித்து, பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். நெற்காணியை நினைத்தபடி நிரப்பவும் முடியாது, கமநலத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். கபானாவை வேண்டாம் என்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, பறவைக்குத் தெரியாமல் ஆட்கள் இருந்து பார்க்க ஒரு மறைவிடம் வேண்டும். புதிதாக ஒன்றும் தேவையில்லை, வயலில் கிடக்கும் பழைய காவல் வாடியே போதும், பறவைகளுக்கு அது ஏற்கெனவே பழகிய பொருள். இல்லையென்றால் நாலு கம்பு நட்டுக் கிடுகால் மறையுங்கள். மேற்கே பார்த்தபடி இருக்கட்டும், காலை வெயில் முதுகில் விழுந்தால்தான் படம் நன்றாக வரும். உட்கார்ந்திருந்தால் கண் மட்டத்துக்கு வருகிறமாதிரி ஒரு நீளத் துவாரம், வாசல் பின்பக்கம். கட்டிய பிறகு ஒரு கிழமைக்கு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அறுவடை முடிந்ததும் பறவைகள் வந்து மேய ஒரு மூலையில் கணுக்கால் அளவு தண்ணீர் தேக்கி, அந்த மூலைக்குப் பூச்சிமருந்து அடிக்காமல் விடுங்கள். மேலே பக்கத்து வயற்காரர் அடித்தால் அந்தத் தண்ணீர் உங்களிடம்தான் வரும். ஆகவே அவரோடும், வாய்க்கால் தண்ணீரைப் பார்க்கும் வட்டவிதானையோடும் கதைத்து, வருகிற காசில் பக்கத்து வயற்காரருக்கும் ஏதாவது கொடுங்கள். உழவு நாளைத் தவறவிடக் கூடாது. உழவு மெசின் பின்னால் கொக்கும் நாரையும் கூட்டமாக நடப்பதைப் பார்க்க வரம்பில் ஒரு வாங்கு போட்டால் போதும், இதைவிட நல்ல காட்சி என் வயலில் வேறு இல்லை.

யானையைக் காட்டுவதாக மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். வந்துவிட்டால் அன்றைய பயணம் ரத்து, காசைத் திருப்பிக் கொடுங்கள். பழம் எறிந்து கூப்பிடுவது பைத்தியக்காரத்தனம். பறவையைக் கிட்ட வரவழைக்க ஃபோனில் அதன் சத்தத்தைப் போடுவதும் வேண்டாம், கூடு கட்டும் காலத்தில் அது வெறும் தொல்லை.

விலையை முதலிலேயே சொல்லுங்கள். நான் முதல் வந்த சோடியிடம் வெட்கப்பட்டு "விரும்பியதைத் தாருங்கள்" என்றேன், இரண்டு மணித்தியாலம் இருந்துவிட்டு நன்றி சொல்லி என்னோடு ஒரு செல்ஃபியும் எடுத்துக்கொண்டு போனார்கள். இப்போது ஆளுக்கு இவ்வளவு, அதற்குள் பிட்டும் எருமைத் தயிரும் அடக்கம். ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் எடுப்பதில்லை.

ஆட்களைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஓட்டோக்காரர்தான், அவர் பங்கை அன்றைக்கே கையில் கொடுத்துவிடுங்கள். ஐந்தரைக்கு வாசலில் வந்து ஹோன் அடிக்க வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள், ஒரு தரம் அடித்தால் போதும், நாரையெல்லாம் அக்கரைக்குப் போய்விடும்.