சூடோகோட் எழுதப் பழகலாம்: பேப்பரும் பேனாவும் போதும்

எந்தக் கம்ப்யூட்டர் மொழியிலும் இல்லாமல், புரோகிராமின் படிகளை மட்டும் எளிய வரிகளாக எழுதுவதுதான் சூடோகோட். கணினி அறிவியல் தேர்வில் "சூடோகோட் எழுதுக" என்று வந்தால், கம்ப்யூட்டரில் நன்றாகவே புரோகிராம் எழுதுகிறவர்கள்கூட தடுமாறுவதுண்டு. பேப்பரில் ரன் பட்டன் கிடையாது, தப்பு இருந்தால் சிவப்பாக எதுவும் வந்து நிற்காது. அதனால் எழுதப் பழகும்போதே, எழுதியதைக் கையால் ஓட்டிப் பார்க்கவும் பழகிவிட வேண்டும்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். மதிப்பெண்கள் ஒவ்வொன்றாக வரும். -1 வந்தால் நிறுத்திவிட்டு சராசரியைக் காட்ட வேண்டும்.

படி 1. எடுத்த எடுப்பிலேயே இஃப், வைல் என்று இறங்காதீர்கள். உள்ளே வருவது மதிப்பெண், வெளியே போவது சராசரி, நடுவில் நினைவில் வைக்க வேண்டியவை மொத்தமும் எண்ணிக்கையும். இதை ஓரத்தில் குறித்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 2. எந்த லூப் (திரும்பத் திரும்ப நடக்கும் பகுதி)? எத்தனை முறை என்று முன்பே தெரிந்தால் ஃபார். ஒரு முறையாவது கட்டாயம் நடக்க வேண்டுமென்றால் ரிபீட். ஒரு முறைகூட நடக்காமல் போகலாம் என்றால் வைல். நம் கணக்கில் முதலிலேயே -1 வரலாம், ஆகவே வைல்.

படி 3. இப்போது எழுதலாம். (← என்றால் வலப்பக்க மதிப்பை இடப்பக்கப் பெயருக்குக் கொடு என்று பொருள்; வைல் வரியில் -1-க்கு முன்னால் உள்ள குறிக்கு "சமமில்லை" என்று பொருள்.)

மொத்தம் ← 0
எண்ணிக்கை ← 0
இன்புட் மதிப்பெண்
வைல் மதிப்பெண் <> -1 டூ
    மொத்தம் ← மொத்தம் + மதிப்பெண்
    எண்ணிக்கை ← எண்ணிக்கை + 1
    இன்புட் மதிப்பெண்
எண்ட்வைல்
இஃப் எண்ணிக்கை > 0 தென்
    அவுட்புட் மொத்தம் / எண்ணிக்கை
எல்ஸ்
    அவுட்புட் "மதிப்பெண் எதுவும் வரவில்லை"
எண்ட்இஃப்

இன்புட் இரண்டு இடத்தில் இருப்பது முதலில் பார்க்கும்போது வீண் வேலையாகத்தான் தெரியும் (எனக்கும் அப்படித்தான் தெரிந்தது). ஏன் தேவை என்பது அடுத்த படியில் புரியும்.

படி 4. இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்: டிரேஸ் டேபிள். ஒவ்வொரு மாறிக்கும் (மொத்தம், எண்ணிக்கை போல மதிப்பு மாறிக்கொண்டே இருப்பவை) ஒரு பத்தி போட்டு, 60, 80, -1 என்று கொடுத்து வரி வரியாக நடந்து பாருங்கள். மொத்தம் 0, 60, 140 என்று போகும், எண்ணிக்கை 0, 1, 2, விடை 70. சரி, இப்போது ரிபீட் லூப் போட்டு, உள்ளே முதல் வரியில் இன்புட் வாங்கி, உடனே கூட்டி, கடைசியில் -1 தானா என்று பார்ப்பதாக மாற்றி ஓட்டுங்கள். -1-ஐயும் மதிப்பெண் என்று நினைத்துக் கூட்டிவிடும்! மொத்தம் 139, எண்ணிக்கை 3, விடை 46.33. கண்ணால் படித்தால் இரண்டுமே சரி போலத்தான் தெரியும், டேபிள் போட்டால்தான் குட்டு வெளிப்படும். இன்புட் இரண்டு இடத்தில் இருப்பது இதற்குத்தான்: கூட்டுவதற்கு முன்பே -1 தானா என்று பார்த்துவிடலாம்.

அப்புறம் முதலிலேயே -1 கொடுத்துப் பாருங்கள். அந்த இஃப் இல்லையென்றால் 0-ஆல் வகுக்கப் போய் நிற்கும்.

படி 5. குறியீடுகள். மதிப்பைக் கொடுக்க கேம்பிரிட்ஜ் தேர்வுகளில் ← என்ற அம்புக்குறி, பிரிட்டனின் ஓசிஆர் வாரியத் தேர்வில் = குறி. உங்கள் தேர்வு வாரியத்தின் சூடோகோட் வழிகாட்டியைப் பார்த்து, அதில் உள்ளபடியே எழுதிப் பழகுங்கள். இரண்டு குறிகளையும் ஒரே விடையில் கலக்காதீர்கள். லூப்புக்குள்ளும் இஃபுக்குள்ளும் இருக்கும் வரிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி எழுதுங்கள்; எது எங்கே முடிகிறது என்பது திருத்துகிறவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

பயிற்சிக்கு ஒன்று: 10 ஊர்களின் வெப்பநிலையை வாங்கி, மிக அதிகமானதைக் காட்ட வேண்டும். "அதிகம் ← 0" என்று தொடங்கத்தான் கை போகும். தொடங்கிவிட்டு, பத்துமே பூஜ்ஜியத்துக்குக் கீழே இருப்பதாக வைத்து டேபிள் போட்டுப் பாருங்கள்.