பெரிய அனலாக் ஆடியோ மிக்சருக்கு மாறும்போது

பெட்டியில் 16 சேனல் என்று போட்டிருந்தால் 16 மைக் செருகலாம் என்று அர்த்தமில்லை. யமஹா எம்ஜி16எக்ஸ்யூவையே பாருங்கள், அதில் மைக் பிரீஆம்ப் (மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் பகுதி) 10தான், மற்றவை கீபோர்டு மாதிரிக் கருவிகளுக்கான ஸ்டீரியோ லைன். அதனால் முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: டிரம்ஸுக்கு 6, தபேலா 2, கீபோர்டு 2, பாஸ், கிதார், பாடகர்கள் 4. ஆகப் பதினாறு, கூடவே நாலைந்து உபரி வேண்டும், கடைசி நிமிடத்தில் தவில்காரர் வந்து நிற்பார்!

என்னைக் கேட்டால் சேனலைவிட ஆக்ஸ்தான் முக்கியம், அதாவது மிக்சரிலிருந்து தனி மிக்ஸை வெளியே அனுப்பும் வழி. மேடையில் இருப்பவர்கள் தங்களைக் கேட்க எத்தனை தனி மானிட்டர் மிக்ஸோ அத்தனை பிரீ-ஃபேடர் ஆக்ஸ் (சேனலின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே எடுப்பது) தேவை, போஸ்ட்-ஃபேடரில், அதாவது ஃபேடருக்குப் பின், எடுத்தால் நீங்கள் அரங்கில் கேட்கும் சத்தத்துக்காக ஃபேடரைத் தொடும்போதெல்லாம் பாடகர் காதிலும் ஏறி இறங்கும், அப்புறம் முறைப்பார். எதிரொலி மாதிரி எஃபெக்ட்டுக்குத் தனியாக ஒன்று, அது போஸ்ட்.

பழையது வாங்கினால் ஒவ்வொரு சேனலிலும் மைக் செருகி, ஃபேடரையும் கெயின் குமிழையும் மெதுவாக நகர்த்திக் கரகரப்பு வருகிறதா கேளுங்கள், மைக் கேபிள் வழியாகவே போகும் 48 வோல்ட் பாண்டம் பவரை, அது தேவைப்படும் கன்டென்சர் மைக் வைத்தே சோதியுங்கள். மேடையிலிருந்து மிக்சருக்குப் பல மைக் லைன்களை ஒன்றாகக் கொண்டுவரும் ஸ்னேக் கேபிளும் பெரிதாக வேண்டும், அந்தச் செலவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வண்டியில் ஏற்ற இரண்டு ஆளும் வேண்டும்.