ஹெவி லைசென்ஸ் எடுத்தாச்சு, எந்த ஊரில் வேலை தேடலாம்?

லாரி ஓட்ட ஹெவி லைசென்ஸ் வாங்கிய கையோடு "எங்கே போனால் நல்ல சம்பளம்ணே?" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: மாதத்தில் எத்தனை நாள் வீட்டில் இருக்கணும்? அதைச் சொன்னால் ஊரைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ஓடுகிற வண்டி வேறு.

இருபது நாள், ஒரு மாதம் வெளியே இருக்க முடியும் என்றால் நாமக்கல், சங்ககிரி. வடநாட்டுக்குப் போய்வரும் லைன் வண்டிகள் அங்கே ஏராளம். அங்கே பயோடேட்டாவைவிடத் தெரிந்த டிரைவர் ஒருவர் சொல்லும் வார்த்தைக்குத்தான் மதிப்பு. ஆள் தெரியாவிட்டால் பாடி கட்டும் பட்டறையிலும் டயர் கடையிலும் நின்று பேசிப் பாருங்கள், எந்த ஓனருக்கு ஆள் வேண்டும் என்பது அங்கே தெரிந்துவிடும். இப்போது பல வண்டிகளில் கிளீனர் கிடையாது, அதனால் இரண்டாவது டிரைவர் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், தூக்கம்தான் உயிர். கேஸ் டேங்கருக்கும் நாமக்கல்தான் மையம். ஆனால் அதற்கு வெறும் ஹெவி போதாது. அபாயகரமான சரக்கு ஏற்றுவதற்கான 3 நாள் பயிற்சி முடித்து, அதை ஆர்டிஓ ஆபீசில் லைசென்ஸில் ஏற்ற வேண்டும்.

சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளி, தூத்துக்குடி துறைமுகங்களில் கன்டெய்னர் டிரெய்லர் வேலை. தூத்துக்குடிக்குத் திருப்பூர் பனியன் சரக்கும் வரும். சென்னைப் பக்கம் தூரம் குறைவு, காத்திருப்பு அதிகம். நடைக்கு இவ்வளவு என்று மட்டும் பேசிச் சேர்ந்துவிட்டு, இரண்டு நாள் வரிசையில் நின்று, சாப்பாட்டுக்குக் கைக்காசைப் போட்டவன் நான். நிற்கிற நாளுக்கும் பேட்டா (சாப்பாட்டுப் படி) உண்டா என்று கேட்காமல் சாவியை வாங்காதீர்கள்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடத்தில் கார் ஏற்றும் நீள வண்டிகள். ரிவர்ஸ் சுத்தமாக எடுக்கத் தெரிந்தால் போகலாம், பி.எஃப். பிடிப்பார்களா என்றும் கேளுங்கள்.

தினமும் வீடு திரும்பணுமா? பால் வண்டி, காய்கறி வண்டி, கூரியர் வண்டி எந்த மாவட்டத்திலும் உண்டு. இதற்கு ஹெவிகூட வேண்டாம்: மொத்த எடை 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியைக் கார் ஓட்டும் எல்எம்வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

எந்த ஊராக இருந்தாலும் சரி, சேர்வதற்கு முன் வண்டி நம்பரை எம்பரிவாகன் ஆப்பில் போட்டு எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் தேதியைப் பாருங்கள். ஓவர்லோடு அபராதம் யார் தலையில் என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். அப்புறம், ஒரிஜினல் லைசென்ஸை ஆபீசில் வைத்துவிட்டுப் போ என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள், அது இல்லாமல் அடுத்த வண்டியில் ஏற முடியாது.