தீர்ப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து படியுங்கள்

2023 மே 18 அன்று மத்தியானம் பாலமேட்டிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏப்பா, ஜல்லிக்கட்டு நம்ம பண்பாடுன்னு சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிருச்சாம்ல!" பின்னால் வெடிச் சத்தம். டிவியிலும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலம் தீர்ப்பை இறக்கிப் படித்தேன். அவர் சொன்ன வரி அதில் இல்லை. கிட்டத்தட்ட அப்படித் தோன்றும் வரி இருந்தது. சட்டம் பற்றி எழுதுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் வழுக்கி விழுவது இந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான்.

நான் வக்கீல் இல்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வருகிற வழக்குகளைப் பற்றி ரொம்ப வருஷமாக எழுதுகிறவன். ஒரு தீர்ப்பைப் பற்றி நாலு பத்தி எழுதவோ, வீட்டில் ஒருவருக்கு விளக்கவோ நினைப்பவர்களுக்கு என் வழக்கத்தைச் சொல்கிறேன்.

முதலில் தீர்ப்பின் நகல் கையில் இருக்க வேண்டும். செய்தியைப் படித்துவிட்டுக் கருத்து எழுதக் கூடாது. உச்ச நீதிமன்ற இணையதளத்தில் தேதியை வைத்தோ வழக்கு எண்ணை வைத்தோ தேடலாம். 'இந்தியன் கானூன்' தளத்திலும் கிடைக்கும். இரண்டுமே இலவசம். தீர்ப்பு வாசித்த நிமிஷமே நகல் ஏறிவிடாது, சில மணி நேரம் பொறுக்க வேண்டியிருக்கும். விசாரணையின்போது நீதிபதி வாய்வழியாகக் கேட்ட கேள்வியும் தீர்ப்பும் ஒன்றல்ல. 'நீதிபதிகள் சரமாரிக் கேள்வி' என்று ஓடும் செய்தியை நம்பித் தலையங்கம் எழுதியவர்கள், கடைசியில் அதே நீதிபதிகள் மனுவைத் தள்ளுபடி செய்ததைப் பார்த்து விழித்திருக்கிறார்கள்.

நகல் வந்ததும் முதல் பக்கத்தில் எத்தனை நீதிபதிகள், யார் எழுதியது என்று மட்டும் பாருங்கள். ஜல்லிக்கட்டை நிறுத்திய 2014 மே 7 தீர்ப்பு இரண்டு நீதிபதிகளுடையது. 2023இல் வந்தது ஐந்து பேர் கொண்ட அரசியல் சாசன அமர்வு. நீதிபதி அனிருத்தா போஸ் எழுத, ஐவரும் ஒருமனதாக. எண்ணிக்கை கூடினால் கனமும் கூடும். ஒருமனதா, மாறுபட்ட தீர்ப்பு இருக்கிறதா என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். 2018 ஆதார் தீர்ப்பு நாலுக்கு ஒன்று. அந்த ஒருவரின் வரிகளை 'உச்ச நீதிமன்றம் கூறியது' என்று இன்னமும் பகிர்கிறார்கள்.

அப்புறம் நேரே கடைசிப் பக்கம். தள்ளுபடியா, ஏற்கப்பட்டதா, பகுதியாக ஏற்கப்பட்டதா? இந்த மூன்றாவதில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். ஆதார் வழக்கிலேயே, சட்டம் செல்லும், பான் கார்டோடு இணைப்பது செல்லும், வங்கிக் கணக்கோடும் செல்போன் எண்ணோடும் கட்டாயமாக இணைப்பது செல்லாது என்று வந்தது. மறுநாள் டீக்கடையில் ஒருத்தர் 'ஆதார் ஜெயிச்சிருச்சு' என்றார், இன்னொருத்தர் 'ஆதார் தோத்துருச்சு' என்றார். இரண்டு பேர் கையிலும் பேப்பர் இருந்தது.

முடிவு தெரிந்த பிறகு, நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி என்ன என்று தேடுங்கள். ஜல்லிக்கட்டு வழக்கை 2018 பிப்ரவரியில் பெரிய அமர்வுக்கு அனுப்பியபோதே ஐந்து கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'ஜல்லிக்கட்டு நல்லதா கெட்டதா' என்பது அதில் இல்லை. ஜல்லிக்கட்டை அனுமதிக்க 2017இல் தமிழ்நாடு சட்டமன்றம் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் கொண்டுவந்த திருத்தம் செல்லுமா, அப்படிச் சட்டம் போட அதற்கு அதிகாரம் உண்டா என்பதைச் சுற்றித்தான் எல்லாம்.

இனி நிதானமாக முதலிலிருந்து. பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் அது யார் குரல் என்று ஓர் எழுத்து: மனுதாரர் என்றால் 'ம', எதிர்த்தரப்பு என்றால் 'எ', பழைய தீர்ப்பிலிருந்து எடுத்ததென்றால் 'ப', நீதிமன்றமே சொல்வதென்றால் 'நீ'. 'சப்மிட்டட்', 'கன்டெண்டட்' என்று வந்தால் வக்கீல் பேசுகிறார். 'வி ஹோல்ட்', 'இன் அவர் ஒப்பினியன்' என்று வந்தால்தான் நீதிமன்றம். எழுதும்போது 'நீ' போட்ட பத்திகளிலிருந்து மட்டும் 'நீதிமன்றம் சொன்னது' என்று எடுங்கள்.

இது நான் அடிபட்டுக் கற்றது. எழுத வந்த புதிதில், நிலம் எடுப்பு வழக்கு ஒன்றில் 'விவசாயிகளை அரசு ஏமாற்றியது: நீதிமன்றம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்புப் போட வைத்தேன். நீதிபதி மூன்று பக்கம் மனுதாரர் வாதத்தைத் தொகுத்திருந்தார்; நான் எடுத்தது அதிலிருந்து. கடைசியில் மனு தள்ளுபடி. மறுநாள் வராந்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் என்னை நிறுத்தி, "என்ன தம்பி, தோத்த வாதத்தைத் தீர்ப்பாக்கிட்டீங்க?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இன்றைக்கும் அந்த வராந்தாவில் நடந்தால் காது சூடாகும்.

சரி, சித்தப்பாவின் வரிக்கு வருவோம். ஜல்லிக்கட்டு தமிழ்நாட்டுப் பண்பாட்டின் ஒருங்கிணைந்த பகுதியா என்பதற்கு சமய, சமூக, பண்பாட்டு ஆய்வு விரிவாக வேண்டும், அது நீதித்துறை செய்கிற வேலை அல்ல என்கிறது தீர்ப்பு. சட்டமன்றம் அதைப் பண்பாட்டு மரபு என்று அறிவித்திருக்கும்போது அதை நாங்கள் கலைக்க மாட்டோம் என்கிறது. பண்பாட்டின் பகுதி அல்ல என்று 2014இல் சொன்னதற்குப் போதிய ஆதாரம் அப்போது இல்லை என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆக, பண்பாடு என்று சொன்னது சட்டமன்றம்; தலையிட மறுத்தது நீதிமன்றம். 2014 தீர்ப்பு முழுக்கத் தப்பு என்றும் எங்கேயும் சொல்லவில்லை. அது பார்த்தது அன்று ஜல்லிக்கட்டு நடந்த விதத்தை; திருத்தமும் விதிகளும் வந்த பிறகு நடக்கும் விதம் மாறிவிட்டது என்பதுதான் வாதத்தின் முதுகெலும்பு. விதிகளைக் காற்றில் பறக்கவிட்டால் அந்த முதுகெலும்பு என்னாகும் என்று நான் எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர் தமிழ்த் துரோகி என்று கடிதம் போட்டார்.

எழுதி முடித்ததும், அந்தத் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகக் கருதி 2025 ஏப்ரல் 8இல் இரு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 20இல், குடியரசுத் தலைவர் கேட்ட விளக்கத்துக்குப் பதிலளித்த ஐந்து நீதிபதிகள், அப்படிக் கருதுவதற்கு இடமில்லை என்று கருத்துச் சொன்னார்கள். ஏப்ரலில் எழுதியதை அப்படியே டிசம்பரில் மறுபதிப்புச் செய்ய முடியாது.

தமிழ் மொழிபெயர்ப்புகளும் இப்போது கிடைக்கின்றன. புரிந்துகொள்ள நல்லது. ஆனால் ஒரு சொல்லின்மேல் வாதத்தை நிறுத்துவதென்றால் ஆங்கில மூலத்தைப் பாருங்கள், அதுதான் செல்லுபடியாகும்.

அன்று ராத்திரி இதையெல்லாம் சித்தப்பாவுக்கு அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்பா, காளைக்கு டாக்டர் சர்ட்டிபிகேட் வாங்குறதப் பத்தி என்ன போட்டிருக்கு?" என்றார். தீர்ப்பில் அதைத் தேடக் கூடாது, 2017 விதிகளில் பார்க்க வேண்டும் என்றேன். "அப்ப அதப் படி மொதல்ல" என்றார்.