ஆடி டிடி-யா, பென்ஸ் சி 43-ஆ? கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு பழைய கூபே வாங்குவது எப்படி

ஓசூரில் தொழில் நடத்துபவர், பெங்களூரில் ஐடி வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில் தர்மபுரிக்கு வருபவர், கிரானைட், மாங்கூழ் வியாபாரத்தில் இருப்பவர் என்று நம் பக்கத்தில் பலருக்கு ஒரு கட்டத்தில் கூபே என்கிற இரண்டு கதவு கார் ஆசை வந்துவிடுகிறது. புதிதாக வாங்கினால் விலை கண்ணைக் கட்டும். அதனால் பார்வை பழைய வண்டிகள் பக்கம் திரும்பும்.

இந்த விளக்கம் முதல் முறையாக அப்படித் தேடுபவர்களுக்கு. உதாரணத்துக்கு இரண்டு வண்டிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று, 2015-இல் இந்தியாவுக்கு வந்த மூன்றாம் தலைமுறை ஆடி டிடி. 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 230 குதிரைத்திறன். அப்போது ஷோரூம் விலையே 60 லட்சத்தைத் தாண்டியது. இன்னொன்று, 2019-இல் 75 லட்சத்துக்கு வந்த மெர்சிடிஸ் ஏஎம்ஜி சி 43 கூபே. ஏஎம்ஜி என்பது பென்ஸின் வேகக் கார் பிரிவு. 3 லிட்டர் வி6, அதாவது ஆறு சிலிண்டர் இன்ஜின், இரட்டை டர்போ, 390 குதிரைத்திறன். இரண்டுமே நான்கு சக்கரங்களுக்கும் இழுவை தருபவை, இரண்டுமே வெளிநாட்டில் தயாராகி முழு வண்டியாக இறக்குமதியானவை, இரண்டுமே இப்போது உற்பத்தியில் இல்லை. விளம்பரங்களில் 'கிரான் கூபே' என்று நான்கு கதவு வண்டிகளும் வரும். அவை வேறு சமாச்சாரம்.

படி 1: பின் சீட்டில் யார்?

டிடி-யின் பின் சீட்டைச் சீட்டு என்று சொல்வதே மரியாதைக்காகத்தான். பை வைக்கலாம், சின்னப் பிள்ளையை உட்கார வைக்கலாம். ஆனால் பின்கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறப்பதால், பின் சீட்டை மடித்துவிட்டால் இரண்டு பேரின் ஒரு வாரத்துச் சாமான் தாராளமாகப் போகும். சி 43-இல் பெரியவர்கள் இருவர் ஓசூர் வரை முனகாமல் வருவார்கள். சேலம் வரை என்றால் முனகுவார்கள்.

அம்மாவையோ மாமியாரையோ வண்டிக்கு அழைத்துப் போய், முன் சீட்டைச் சாய்த்து, ஒரு தடவை பின்னால் ஏறி இறங்கச் சொல்லுங்கள். சேலையோடு அந்த இடுக்கில் நுழைவது எவ்வளவு பாடு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். வீட்டில் வேறு கார் இல்லை என்றால் இந்த இரண்டையுமே விட்டுவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. இவை வீட்டின் இரண்டாவது கார்.

படி 2: வாசலையும் வேகத்தடையையும் அளந்துவிடுங்கள்

விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் கொண்டு, மெதுவாக ஏறி மெதுவாக இறங்க வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் அப்படியா இருக்கிறது? ஒரு முழ அகலத்தில் திடீரென்று எழும்பி நிற்கும். உங்கள் வீட்டுக்குப் போகிற வழியில் இருப்பதிலேயே மோசமானதைத் தேர்ந்தெடுங்கள். அதன் உச்சிக்கு மேல் ஒரு கயிற்றைச் சமமாக இழுத்துப் பிடித்து, இரண்டு பக்கத் தரையிலிருந்தும் கயிறு வரை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வண்டி பார்க்கப் போகும்போது, அடிப்பாகத்தில் மிகத் தாழ்வான இடம் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அதே டேப்பால் பாருங்கள். உள்ளே இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு அளப்பது நல்லது. ஆள் ஏறினால் வண்டி கொஞ்சம் இறங்கும்.

வீட்டு வாசல் சரிவில் கணக்கு வேறு. சரிவு ஏறி முடியும் முகட்டில் முன் சக்கரம் ஒரு பக்கம், பின் சக்கரம் ஒரு பக்கம் நிற்கும்போது வயிறு தட்டும். இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே தூரம் அதிகமானால் தட்டுவதும் அதிகம். டிடி-யில் அந்தத் தூரம் சுமார் 2.5 மீட்டர், சி 43-இல் 2.84 மீட்டர். மொத்த நீளத்திலும் பென்ஸ் அரை மீட்டர் கூடுதல். சந்துக்குள் வீடு இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. கூபேயின் கதவும் நீளமானது. பக்கத்தில் ஒரு பைக் நின்றால் கதவைப் பாதிதான் திறக்க முடியும்.

படி 3: மெக்கானிக் எத்தனை கிலோமீட்டரில்?

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூர் சுமார் 90 கி.மீ. இந்த வண்டிகளுக்கான ஷோரூம் சர்வீஸும் தனியார் பட்டறைகளும் அங்கேதான் அதிகம். இங்கே டோல்கேட் பக்கம் உள்ள நல்ல மெக்கானிக்கால் டயர், பேட்டரி, பிரேக் பேடு வரை பார்க்க முடியும். அதற்கு மேல் போனால் ஸ்கேனர் வேண்டும், ஸ்பேர் வேண்டும். அதனால் வண்டியைத் தேடும் முன் பட்டறையைத் தேடுங்கள். பெங்களூரில் இரண்டு மூன்று தனியார் பட்டறைகளுக்குப் போன் செய்து, 'டிடி-க்கு கியர் ஆயில் மாற்ற எவ்வளவு, வாட்டர் பம்ப் எவ்வளவு, சி 43-க்கு நான்கு பிரேக் டிஸ்க்கும் பேடும் எவ்வளவு' என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பதிலைக் கேட்டதும் பாதிப் பேருக்கு ஆசை தெளிந்துவிடும்.

இங்கே டிடி-க்கு ஒரு சாதகம் உண்டு. அதன் இன்ஜின், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் போன்ற வண்டிகளில் வந்த அதே குடும்பம். டிஎஸ்ஜி என்கிற ஆறு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் அப்படியே. ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் பார்க்கும் பட்டறைக்காரர்களுக்கு இது பழகிய சரக்கு. சி 43-இன் வி6 மற்ற பெரிய பென்ஸ்களிலும் வந்ததுதான், ஆனாலும் ஏஎம்ஜி-க்கென்று உள்ள பாகங்களுக்கு ஏஎம்ஜி விலைதான்.

பெட்ரோல் விஷயத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். டேங்க் மூடியின் உட்பக்கம் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எந்த ஆக்டேன், எத்தனை சதவீத எத்தனால் வரை போடலாம் என்று அதில் இருக்கும். பங்க்குகளில் இப்போது சாதாரணமாகக் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. இந்த வண்டிகள் அதற்கு முந்தைய காலத்தவை. ஸ்டிக்கர் கேட்கும் பெட்ரோல் உங்கள் ஊர் பங்க்கில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

படி 4: நம்பர் பிளேட்டில் என்ன எழுத்து?

நமக்குக் கிடைக்கும் வண்டிகளில் பாதி கேஏ, அதாவது கர்நாடக நம்பராக இருக்கும். விலை கொஞ்சம் குறைவாகத் தெரியும். அந்தக் குறைவு எங்கே போகிறது என்று பாருங்கள்.

வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், இந்த மாநில நம்பருக்கு மாற்ற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு கர்நாடக ஆர்டிஓ-விடம் என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28 வாங்க வேண்டும். பிறகு கிருஷ்ணகிரி என்றால் டிஎன் 24, தர்மபுரி என்றால் டிஎன் 29, ஓசூர் என்றால் டிஎன் 70. இங்கே வாழ்நாள் வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்குத் தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 சதவீத வரி. பழைய வண்டிக்கு வயதைப் பொறுத்துக் குறையும். ஆனால் கணக்கிடுவது வண்டியின் அசல் விலையில், நீங்கள் கொடுத்த பழைய விலையில் அல்ல. 75 லட்சத்து வண்டி என்றால் குறைந்த சதவீதம்கூட லட்சக்கணக்கில் வந்து நிற்கும். கர்நாடகத்தில் கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், அதற்குத் தனி அலைச்சல்.

ஆகவே ஆர்டிஓ அலுவலகத்தில், மாடலையும் பதிவான தேதியையும் சொல்லி வரி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அந்தத் தொகையை கேஏ வண்டியின் விலையோடு கூட்டிய பிறகுதான் டிஎன் வண்டியோடு ஒப்பிட வேண்டும்.

படி 5: தண்ணீரில் நின்றதா?

நாம் இருப்பது பெங்களூருக்கும் சென்னைக்கும் நடுவில். இரண்டு பக்கமிருந்தும் வண்டி வரும், இரண்டு பக்கமும் வெள்ளம் பார்த்தவை. சென்னையில் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும். பெங்களூரில் 2022, பெல்லந்தூர், ஏமலூர் பக்கம் சொகுசுக் கார்களே மூழ்கிக் கிடந்தன. தாழ்வான கூபேக்கு முழங்கால் தண்ணீரே போதும். இந்தப் படிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். புரோக்கர் பக்கத்தில் நின்று, 'சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வண்டி' என்று சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லட்டும்.

முதலில் சீட் பெல்ட். மெதுவாக, கடைசி வரை, இனி வராது என்கிற வரை இழுங்கள். கையில் படும் மேல் பகுதியைத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருப்பார்கள். சுருளுக்குள்ளே எப்போதும் சுற்றியே கிடக்கும் கடைசி ஒரு சாண் அளவை யாரும் கழுவ மாட்டார்கள். அங்கே குறுக்கே செம்பழுப்பாக ஒரு கோடு இருந்தாலோ, நகத்தால் சுரண்டினால் மண் பொடியாக வந்தாலோ, வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம்.

பெல்ட் சுத்தம் என்றால் அடுத்து கீழே. முன் சீட்டை முழுக்க முன்னால் தள்ளி, சீட் ஓடும் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். வெயிலில் நின்ற வண்டிக்கு அங்கே துரு பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. கார்ப்பெட் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை அழுத்துங்கள். டிக்கியின் தரைப் பலகையை எடுத்துக் குழியைத் தடவிப் பாருங்கள். அப்படியே ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் அடைக்கும் மருந்துப் புட்டி மட்டும்தானா என்பதும் தெரிந்துவிடும். ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றிப் பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். வாசனைத் திரவியம் அளவுக்கு மீறி அடித்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

சென்னை வண்டியில் கடற்காற்றின் துருவைக் கூடுதலாகப் பாருங்கள். பெங்களூர் வண்டியில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும், ஆனால் சில்க் போர்டு சிக்னலில் நின்றபடியே இன்ஜின் ஓடிய நேரம் மீட்டரில் ஏறாது.

படி 6: காலையில் போய் ஸ்டார்ட் செய்யுங்கள்

'நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யாதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொடுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

டிடி-யில் பார்க்க வேண்டியவை: கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கசிவது இந்த இன்ஜினுக்குத் தெரிந்த வியாதி. வாட்டர் பம்பும் தெர்மோஸ்டாட்டும் ஒரே பிளாஸ்டிக் கூட்டில் இருக்கும், அங்கிருந்து கசியும். இளஞ்சிவப்புக் கறையோ, இனிப்பு வாசனையோ இருக்கிறதா பாருங்கள். நின்ற இடத்தில் இன்ஜின் நடுங்கினால் வால்வில் கரி படிந்திருக்கலாம். டிஎஸ்ஜி ஆயில் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்ற வேண்டும், பின் சக்கரங்களுக்கு இழுவை அனுப்பும் ஹால்டெக்ஸ் பகுதிக்கும் தனி ஆயில் உண்டு. பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சி 43-இல், குளிர்ந்த டயரோடு ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தினால், முன் டயர்கள் தத்தித் தத்தி இழுபடுவது போல இருக்கும். வலது கை ஸ்டீயரிங் வண்டிகளில் இது தெரிந்த குணம். பழுது என்று பயமுறுத்தி விலையைக் குறைக்கப் பார்க்காதீர்கள், விற்பவருக்கும் தெரிந்திருக்கும். ஆனால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. அவ்வளவு பழைய டயர் என்றால் நான்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

ஓட்டிப் பார்க்க நெடுஞ்சாலை மட்டும் போதாது. அங்கே எல்லா வண்டியும் நன்றாகத்தான் ஓடும். ராயக்கோட்டை ரோடு போன்ற, குழியும் வளைவும் கலந்த சாலையில் கண்ணாடியை இறக்கிவிட்டு 30, 40-இல் ஓட்டுங்கள். கடகட சத்தம் எந்தச் சக்கரத்திலிருந்து என்று கேளுங்கள். ஒரு மேட்டில் நிறுத்தி ரிவர்ஸ் போடுங்கள். கியர் விழும்போது இடிக்கக் கூடாது. தொப்பூர் கணவாயை மட்டும் இந்தச் சோதனைக்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே லாரிகள் பிரேக் பிடிக்காமல் வருவது நமக்குத் தெரியாததா?

படி 7: ஸ்கேன், பிறகு விலை

மேலே உள்ளதெல்லாம் தேறினால், பட்டறையில் முழு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். சேசிஸ் நம்பரைக் கொடுத்தால் ஷோரூம் சர்வீஸ் வரலாறும் தெரியும். மீட்டரில் உள்ள கிலோமீட்டரும் பில்களில் உள்ளதும் வரிசையாகப் போகிறதா என்று பாருங்கள். ஸ்கேனுக்கு விடமாட்டேன் என்று சொல்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

இரண்டும் தேறிவிட்டது, இரண்டும் டிஎன் நம்பர், எது? பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் சி 43. புருஷன் பெண்டாட்டி இருவர் மட்டும் என்றால் நான் டிடி-யைத்தான் சொல்வேன். 390 குதிரைகளும் அந்த வி6 சத்தமும் சுகமானவைதான். ஆனால் நான்குவழிச் சாலையில் காருக்கு வரம்பு மணிக்கு 100 கி.மீ. அதற்கு 230 குதிரைகளே அதிகம், டிடி-யின் ஸ்பேரும் பட்டறையும் கைக்கு எட்டும். எதை எடுத்தாலும் முதல் ஆண்டுச் செலவுக்கென்று விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியே வைத்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அந்தப் பணத்தையும் சேர்த்துக் கொடுத்தால்தான் வண்டி கிடைக்கும் என்றால், அது உங்கள் பட்ஜெட்டில் இல்லாத வண்டி.

படி 8: காகிதம்

அரசின் எம்பரிவாகன் செயலியில் நம்பரைப் போட்டு, பைனான்ஸ் பாக்கி, இன்சூரன்ஸ், அபராதம் எல்லாம் பாருங்கள். பைனான்ஸ் முடிந்திருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35-உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், வாங்கவும் வேண்டாம். பணம் வங்கி வழியாகவே போகட்டும். 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தடை. வண்டியை ஒப்படைக்கும் தேதியையும் மணியையும் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதுவரை விழுந்த அபராதம் அவருடையது என்று காட்ட அது உதவும்.

இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பழைய ஓனருக்குக் கிடைத்த நோ க்ளெய்ம் போனஸ் தள்ளுபடி உங்களுக்கு வராது, அதனால் பிரீமியத்தில் வித்தியாசம் கட்டச் சொல்வார்கள். அப்புறம் ஃபாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டியிருப்பது விற்றவரின் கணக்கு. அவரை வைத்தே அதை மூடச் சொல்லி, உங்கள் பெயரில் புதிதாக வாங்கி ஒட்டிய பிறகு பெங்களூரிலிருந்து கிளம்புங்கள். இல்லையென்றால் அத்திப்பள்ளியிலோ கிருஷ்ணகிரி டோல்கேட்டிலோ பின்னால் வரிசை ஹார்ன் அடிக்க, அவருக்குப் போன் போட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.